அதே மாதிரி வேற காலேஜ் இருக்கா?

மே மாசம் வந்தால் எங்கள் சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் என் போன் நம்பர் ஞாபகத்துக்கு வந்துவிடும். ப்ளஸ் டூ ரிசல்ட் வந்த கையோடு யாராவது ஒருத்தர் கூப்பிட்டு "பொண்ண எங்க சேர்க்கலாம், நீ சொல்லு" என்பார்கள். நான் ஒன்றும் பெரிய கல்வி ஆலோசகர் கிடையாது, வேலூரில் ஒரு கல்லூரி ஆபீஸில் கொஞ்ச காலம் வேலை பார்த்தேன், அட்மிஷன் சமயத்தில் விண்ணப்பம் வாங்கி அடுக்கினேன், அந்த ஒரு தகுதிதான். வழக்கமாக வரும் கேள்வி கட்-ஆஃப், ஃபீஸ், பஸ், இந்த மூன்றுக்குள் முடிந்துவிடும். இந்த வருஷம் குடியாத்தத்திலிருந்து அக்கா மகள் கேட்டது கொஞ்சம் வேற மாதிரி இருந்தது.

"சித்தி, எனக்குப் புடிச்சது ரெண்டே ரெண்டு. தாம்பரம் எம்.சி.சி., நுங்கம்பாக்கம் டபிள்யூ.சி.சி. ரெண்டுலயும் இங்கிலீஷ் லிட்டரேச்சருக்கு எவ்ளோ போட்டின்னு உனக்கே தெரியும். கிடைக்கலன்னா, அதே மாதிரி வேற எது இருக்கு?" எம்.சி.சி. என்றால் சென்னை கிறிஸ்டியன் காலேஜ், டபிள்யூ.சி.சி. என்றால் விமன்ஸ் கிறிஸ்டியன் காலேஜ்.

பக்கத்தில் இருந்த மாமா, அதாவது அவள் அப்பா, "அதே மாதிரின்னா இன்னாம்மா? பெஞ்சு, போர்டு, வாத்தியாரு, எல்லா காலேஜும் ஒண்ணுதான்" என்று குரல் கொடுத்தார். அவருக்குச் சென்னையே வேண்டாம், அது தனிக் கதை.

எனக்கு அந்தப் பெண் கேட்டது நல்ல கேள்வியாகப் பட்டது. ஏனென்றால் நம் ஊரில் இரண்டாவது மூன்றாவது காலேஜை யாரும் யோசித்துத் தேடுவதில்லை. பிடித்த காலேஜ் கிடைக்காவிட்டால் ரேங்க் பட்டியலில் அதற்கு அடுத்த வரியில் என்ன இருக்கிறதோ அதற்குப் போடுவார்கள், அதுவும் கிடைக்காவிட்டால் வீட்டுக்குப் பக்கத்தில் எது இருக்கிறதோ அது. மத்திய அரசு வெளியிடும் என்.ஐ.ஆர்.எஃப். ரேங்க் பட்டியலில் அடுத்தடுத்து நிற்கும் இரண்டு கல்லூரிகளில் ஒன்று ஊருக்கு நடுவில் மார்க்கெட் சத்தத்தில் இருக்கும், இன்னொன்று பொட்டல்காட்டில் தனியாக நிற்கும். அங்கே மூன்று வருஷம் இருக்கப்போகிற பிள்ளைக்கு அந்த வித்தியாசம் ரேங்கை விடப் பெரியது.

சரி, முதலில் இந்த இரண்டையும் எடுத்துக்கொள்வோம். வேடிக்கை என்னவென்றால் இவை இரண்டுக்குமே ஒற்றுமை குறைவு. எம்.சி.சி. 1937-ல் ஜார்ஜ் டவுன் நெரிசலை விட்டுத் தாம்பரத்துக்கு வந்தது, 365 ஏக்கர், நிறையப் புதர்க்காடு, ஆண் பெண் இருபாலரும் படிக்கிறார்கள். ஹாஸ்டல் என்று சொல்ல மாட்டார்கள், ஹால் என்பார்கள், செலையூர் ஹால் பையனுக்கும் ஹீபர் ஹால் பையனுக்கும் வேறு வேறு ஊர்க்காரன் மாதிரி ஒரு பெருமை இருக்கும். டபிள்யூ.சி.சி. முழுக்கப் பெண்கள், 1915-ல் 41 மாணவிகளோடு ஆரம்பித்தது, கூவம் ஓரத்தில் காலேஜ் ரோடில் சென்னைக்கு நட்ட நடுவில் இருக்கிறது, அங்கே காடெல்லாம் கிடையாது. அளவு வேறு, இடம் வேறு. அப்படி இருக்க இரண்டும் எப்படிப் பிடித்தது?

அதைத்தான் அவளிடம் திருப்பித் திருப்பிக் கேட்டேன். மரம் என்றாள், பழைய கட்டடம் என்றாள், "ஒரு ஃபீல் சித்தி" என்றாள். மரமும் பழைய கட்டடமும் வேண்டுமென்றால் வேலூர் கோட்டையில் போய் உட்காரலாமே. கடைசியில் தான் விஷயம் வெளியே வந்தது. ஸ்கூலிலிருந்து போட்டிக்குக் கூட்டிப்போனபோது இரண்டு இடத்திலும் சாயங்காலம் வரைக்கும் இருந்திருக்கிறாள். "கிளாஸ் முடிஞ்சும் யாரும் போவல சித்தி. படிக்கட்டுல உக்காந்து நாடகம் ரிகர்சல் பண்ணிக்கினு இருந்தாங்க, ஒரு மேடம் நின்னு பாத்து சிரிச்சிக்கினு இருந்தாங்க. நம்ப பக்கத்துல ரெண்டு மணிக்கே கேட்டு காலியாயிடுது."

ஒரு கல்லூரியின் சூழல் என்று நாம் சொல்வது பெரும்பாலும் இதுதான் என்பது என் கட்சி. கடைசி மணி அடித்த பிறகு உள்ளே யார் இருக்கிறார்கள்? கட்டடம், மரம், ஏக்கர் எல்லாம் அதற்கப்புறம்.

நம் பக்கத்துக் கல்லூரிகள் மத்தியானத்தில் காலியாவதற்குப் பிள்ளைகளைக் குறை சொல்லி லாபமில்லை. காரணம் இரண்டு. ஒன்று ஷிஃப்ட். அரசு உதவி பெறும் பல கல்லூரிகளில் காலையில் எய்டட் வகுப்புகள் நடக்கும், மத்தியானம் அதே அறையில் அதே பெஞ்சில் சுயநிதி வகுப்புகள். காலை ஷிஃப்ட் பிள்ளை வகுப்பு முடிந்து நாலு பேரோடு உட்கார்ந்து பேசலாம் என்று நினைத்தால் வாசலில் அடுத்த செட் பையோடு நிற்கும். ஒரே பெயர்ப் பலகைக்குக் கீழே இரண்டு கல்லூரி நடக்கிறது என்றே வைத்துக்கொள்ளலாம். இரண்டாவது பஸ். ஒடுகத்தூர், அணைக்கட்டு, பேரணாம்பட்டு, கே.வி.குப்பம் என்று சுற்றுப்பட்டிலிருந்து வருகிற பிள்ளைகளுக்கு ஊர்ப் பஸ் எத்தனை மணிக்கோ அத்தனை மணிக்குத்தான் காலேஜ் முடியும். 2021-லிருந்து டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது, அதனால் தினமும் போய்வந்து படிக்கிற பெண்கள் கூடியிருப்பார்கள் என்று நினைக்கிறேன், நல்ல விஷயம்தான். ஆனால் அந்தப் பஸ்ஸை விட்டால் அடுத்தது எப்போது என்ற கவலையோடு நாடக ரிகர்சலுக்கு யார் நிற்பார்கள்?

அளவைப் பற்றி ஒரு வார்த்தை. "சின்ன காலேஜ்", "பெரிய காலேஜ்" என்று வாய்க்கு வந்தபடி சொல்கிறோம், அதை நேராகப் பார்த்துத் தெரிந்துகொள்ள வழி இருக்கிறது, பலருக்குத் தெரிவதில்லை. கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் அமைப்பின் அங்கீகாரத்துக்குப் போகும் ஒவ்வொரு கல்லூரியும் எஸ்.எஸ்.ஆர். என்று ஒரு சுயமதிப்பீட்டு அறிக்கை தர வேண்டும். அது கல்லூரி இணையதளத்தில் நாக் அல்லது ஐ.க்யூ.ஏ.சி. என்ற பகுதியில் பி.டி.எஃப். ஆகக் கிடக்கும். நூற்றுக்கணக்கான பக்கம், பாதி தற்பெருமை. அதை விடுங்கள். முதல் சில பக்கங்களில் வளாகம் எத்தனை ஏக்கர், நகரமா கிராமமா, மொத்தம் எத்தனை மாணவர்கள், அதில் ஆண் எத்தனை பெண் எத்தனை, வெளி மாநிலத்திலிருந்து எத்தனை பேர், முழுநேர ஆசிரியர் எத்தனை பேர், எல்லாம் கட்டம் போட்டு இருக்கும். சில வருஷங்களுக்கு முந்தைய அறிக்கைகளில் ஒரு நாளைக்கு நூலகத்துக்குள் வந்துபோகிறவர்கள் எத்தனை சதவீதம் என்றுகூட ஒரு கேள்வி உண்டு. எனக்குப் பிடித்த கேள்வி அது, பல கல்லூரிகள் அந்த இடத்தில் எழுதியிருக்கும் எண்ணைப் பார்த்தால் சிரிப்பு வரும். என்.ஐ.ஆர்.எஃப்.-க்குக் கொடுத்த தகவல்களையும் கல்லூரிகள் இணையதளத்தில் போட்டிருக்கும், அதிலும் ஆண் பெண் கணக்கும் வெளிமாநிலக் கணக்கும் தனித்தனியாக வரும்.

மொத்த எண்ணிக்கையை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது. மாணவர் தொகையை ஏக்கரால் வகுத்துப் பார்க்க வேண்டும், ஷிஃப்ட் இருந்தால் பாதியாக்கிப் பார்க்க வேண்டும், நம் பிள்ளை சேரப்போகும் துறையில் ஒரு வகுப்புக்கு எத்தனை பேர் என்று தனியாகக் கேட்க வேண்டும். ஆயிரக்கணக்கில் மாணவர்கள் இருக்கும் கல்லூரியில் முப்பது பேர் உள்ள துறை சொந்த வீடு மாதிரி இருக்கும், மொத்தமே சில நூறு பேர் உள்ள கல்லூரியில் எழுபது பேரை ஒரே அறையில் அடைத்திருப்பார்கள். அளவும் நிலையாக நிற்காது. காட்பாடியில் வி.ஐ.டி. 1984-ல் வேலூர் பொறியியல் கல்லூரியாக 180 மாணவர்களோடுதான் ஆரம்பித்தது, இன்றைக்கு அதன் கேட்டுக்கு எதிரே டீக்கடைக்காரர் இந்தியில் கணக்குச் சொல்கிறார். மாமா அங்கே படித்த யாரோ ஒருத்தரின் இருபது வருஷத்துக்கு முந்தைய கதையை வைத்து இன்றைக்கு அபிப்பிராயம் சொல்வதை நான் அதனால்தான் காதில் போட்டுக்கொள்வதில்லை.

அப்புறம் இடம். நம் பழைய வட ஆற்காட்டிலேயே எவ்வளவு வகை இருக்கிறது என்று உட்கார்ந்து யோசித்தால்தான் தெரியும். வேலூர் ஆபிசர்ஸ் லைனில் ஊரிஸ் கல்லூரி, 1898-லிருந்து இருக்கிறது, ஆற்காடு மிஷன்காரர்கள் தொடங்கியது, ஊருக்கு நடுவில், கேட்டைத் தாண்டினால் ஆட்டோ ஹாரன். டாக்டர் ராதாகிருஷ்ணன் இங்கே படித்துவிட்டுத்தான் சென்னை கிறிஸ்டியன் காலேஜுக்குப் போனார். இதைச் சொன்னதும் அக்கா மகள் "அப்ப அதே ரூட்டுதான் எனக்கும்" என்று குதித்தாள். அவர் போனபோது அந்தக் காலேஜ் ஹைகோர்ட் பக்கம் ஜார்ஜ் டவுனில் இருந்தது, தாம்பரத்துக் காட்டில் அவர் ஒரு நாள்கூட மாணவராக நடந்ததில்லை என்று சொன்னேன். கொஞ்சம் சுருதி குறைந்தது.

காட்பாடி காந்தி நகரில் அக்ஸீலியம், 1954, சலேசிய சகோதரிகள் நடத்தும் பெண்கள் கல்லூரி, தன்னாட்சி. திருப்பத்தூரில் தூய நெஞ்சக் கல்லூரி, 1951, சலேசிய ஃபாதர்கள் நடத்துவது, அதுவும் தன்னாட்சி. வேலூரிலிருந்து சுமார் 90 கிலோமீட்டர், ஜோலார்பேட்டையில் இறங்கிப் போகலாம், ஏலகிரி மலை பக்கத்திலேயே. மலை மேலேயே ஏலகிரியில் டான் போஸ்கோ கல்லூரி ஒன்று இருக்கிறது, பதினாலு கொண்டை ஊசி வளைவு ஏறித்தான் போக வேண்டும், காடும் குளிரும்தான் வேண்டுமென்றால் நேரே அங்கே போய்விடலாம், ஆனால் ரொம்பச் சின்ன இடம். வாணியம்பாடி இஸ்லாமியா கல்லூரி 1919, நூறு வயசு தாண்டிவிட்டது. மேல்விஷாரம் அப்துல் ஹக்கீம் கல்லூரி 1965, தோல் வியாபாரத்தில் சம்பாதித்து அள்ளிக் கொடுத்த வள்ளலின் பெயரில். ஓட்டேரியில் முத்துரங்கம் அரசு கலைக் கல்லூரி, குடியாத்தத்திலேயே திருமகள் மில்ஸ் அரசுக் கல்லூரி, வீட்டிலிருந்து நடந்தே போகலாம், மாமாவின் முதல் ஓட்டு அதற்குத்தான். அரசுக் கல்லூரிகளுக்கு ஒரே ஆன்லைன் விண்ணப்பத்தில் பல கல்லூரிகளைப் போட்டுவிடலாம், உதவி பெறும் கல்லூரிகளுக்கு ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் போட வேண்டும், பணமும் தனித்தனியாக.

இவை எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, கடைசி மணிக்குப் பிறகு உள்ளே ஆள் இருப்பார்களா என்ற ஒரே கேள்வியைப் போட்டுப் பார்த்தோம். அந்தக் கேள்விக்கு வேலூரில் நல்ல உதாரணம் வேண்டுமென்றால் பாகாயத்தில் உள்ள சி.எம்.சி. மருத்துவக் கல்லூரி வளாகம். ஆஸ்பத்திரி டவுனுக்குள், கல்லூரி ஊருக்கு வெளியே மலையடிவாரத்தில், படிக்கிறவர்கள் அங்கேயே தங்குகிறவர்கள். எம்.பி.பி.எஸ். பிள்ளைகள் எண்ணிக்கையில் கொஞ்சம் பேர்தான், ஒருத்தரை ஒருத்தர் பெயர் சொல்லிக் கூப்பிடும் அளவு. எம்.சி.சி.க்கு இடத்தாலும் பழக்கத்தாலும் நம் ஊரில் பக்கத்தில் வருவது அதுதான் என்று எனக்குத் தோன்றும். லிட்டரேச்சர் படிக்கும் பெண்ணுக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை, என்ன செய்ய. ஆனால் எதைத் தேடுகிறோம் என்று கண்ணுக்குக் காட்ட அது உதவியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பக்கம் கூட்டிக்கொண்டு போனேன்.

வெளியூர் என்று பார்த்தால் மதுரைதான் முதலில் நினைவுக்கு வந்தது. அமெரிக்கன் கல்லூரி, 1881, சிவப்புச் செங்கல் கட்டடம், பெரிய பெரிய மரம், ஊருக்கு நடுவில் இருந்தும் உள்ளே போனால் ஊர்ச் சத்தம் அடங்கிவிடும். எம்.சி.சி. பிடித்தவர்களுக்கு அது பிடிக்காமல் போக வாய்ப்புக் குறைவு. அதே மதுரையில் லேடி டோக், 1948, பெண்கள் கல்லூரி, டபிள்யூ.சி.சி.க்கு அக்கா தங்கச்சி என்று சொல்லலாம், நாலா பக்கத்து ஜில்லாவிலிருந்தும் பெண்கள் வந்து தங்கிப் படிக்கிறார்கள். திண்டுக்கல் பக்கம் காந்திகிராமம் இன்னொன்று, சிறுமலை அடிவாரம், கிராமத்தோடு கலந்த படிப்பு, அமைதி என்றால் அப்படி ஓர் அமைதி, பட்டணத்து ஆசை உள்ள பிள்ளைக்கு முதல் மாசமே அழுகை வரும். பாளையங்கோட்டை செயின்ட் ஜான்ஸ், செயின்ட் சேவியர்ஸ் எல்லாம் நல்ல பெயர் உள்ளவைதான், ஆனால் குடியாத்தத்திலிருந்து பாளையங்கோட்டை என்றதும் அக்காவின் முகம் போன போக்கில் அந்த வரியை நானே அடித்துவிட்டேன்.

போய்ப் பார்க்கிறவர்களுக்கு என் அனுபவத்தில் சில விஷயம். அட்மிஷன் அன்றைக்குப் போகாதீர்கள், அன்றைக்கு எல்லாக் காலேஜும் கல்யாண வீடுதான், கோலம், பேனர், வாலண்டியர் பெண்கள், குளிர்ந்த மோர். செமஸ்டர் நடக்கும்போது சாதாரண புதன்கிழமை மத்தியானம் ஒரு மணி வாக்கில் போய் கேட்டுக்கு எதிரே நில்லுங்கள். மணி அடித்ததும் பஸ் ஸ்டாப்புக்கு ஓடுகிறவர்கள் எத்தனை பேர், கேன்டீன் பக்கம் திரும்புகிறவர்கள் எத்தனை பேர் என்று பாருங்கள். அப்புறம் வாட்ச்மேனிடம் அனுமதி கேட்டு உள்ளே போய்த் துறை நோட்டீஸ் போர்டைப் படியுங்கள். ஒரு கல்லூரியில் நான் பார்த்த போர்டில் பிப்ரவரி மாசத்துக் கருத்தரங்கு அழைப்பிதழ் ஆகஸ்ட் வரைக்கும் இருந்தது, நாலு மூலையிலும் குண்டூசி துருப்பிடித்து மஞ்சள் வட்டம், அதன் மேல் ஃபைன் கட்ட வேண்டியவர்கள் பட்டியல் மட்டும் புத்தம் புதுசாக. இன்னொரு கல்லூரியில் போர்டு முழுக்கக் கையெழுத்தில் எழுதிய காகிதங்கள், பட்டிமன்றத்துக்குப் பேர் கொடுங்கள், சுவர்ப் பத்திரிகைக்குக் கவிதை கொடுங்கள், தொலைந்துபோன டிபன் பாக்ஸ் மூடி, போன வாரம் வந்து பேசிவிட்டுப் போனவருக்கு ஒரு மாணவி எழுதிய மறுப்பு. இதற்கு மேல் எந்த அறிக்கை வேண்டும்?

கேட்பதானால் இரண்டாம் வருஷப் பிள்ளைகளிடம் கேளுங்கள். முதல் வருஷத்துக்கு எல்லாம் புதுசு, மூன்றாம் வருஷத்துக்கு எல்லாம் அலுப்பு. கேள்வியும் "காலேஜ் நல்லா இருக்கா?" என்று இருக்கக் கூடாது, எல்லாரும் நல்லா இருக்கு என்றுதான் சொல்வார்கள். "நேத்து கிளாஸ் முடிஞ்சு இன்னா பண்ண?" என்று கேளுங்கள். ஹாஸ்டல் பெண்களிடம் போன் எத்தனை மணிக்கு வாங்கி வைப்பார்கள், லைப்ரரி எத்தனை மணி வரைக்கும் திறந்திருக்கும், ஞாயிற்றுக்கிழமை வெளியே விடுவார்களா, இந்த மூன்றையும் கேளுங்கள். ஹாஸ்டல் இருந்தால் மட்டும் போதாது, சாயங்காலம் ஆறு மணிக்குக் கதவைச் சாத்தி அறைக்குள் உட்கார வைக்கும் இடத்திலும் வளாகம் காலியாகத்தான் கிடக்கும்.

இப்படியெல்லாம் பார்த்து அவள் கடைசியில் நிறுத்தியது எம்.சி.சி., டபிள்யூ.சி.சி., லேடி டோக், அக்ஸீலியம். அக்ஸீலியத்தில் அவளுக்குப் பிடித்தது வகுப்பு முடிந்து மைதானத்தில் ஆள் இருந்தது. குடியாத்தத்திலிருந்து தினமும் போய்வரலாம், சிலர் போய்வருகிறார்கள். அவள் ஹாஸ்டல் என்கிறாள். இப்போது வீட்டில் நடக்கும் சண்டை முழுக்க அதுதான். "முப்பது கிலோமீட்டர்ல வீட்ட வெச்சிக்கினு ஹாஸ்டலுக்குப் பணம் கட்டுவாங்களா யாராவது?" என்று மாமா. அவர் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது, மெஸ் பில் சும்மா வராது. ஆனால் தினமும் பஸ்ஸைப் பிடிக்க ஓடும் பெண்ணுக்கு அவள் பார்த்து ஆசைப்பட்டது எதுவும் கிடைக்காது, அதற்கு வீட்டிலிருந்து நடந்துபோகும் காலேஜிலேயே சேர்த்துவிடலாம், காசாவது மிச்சம். முதல் வருஷம் மட்டும் ஹாஸ்டல், பிடிக்காவிட்டால் வீடு என்று நான் ஒரு சமாதானம் சொல்லி வைத்திருக்கிறேன். ஹாஸ்டலுக்கு விண்ணப்பம் தனி, சீட் கிடைத்தால் ஹாஸ்டலும் தானாகக் கிடைத்துவிடும் என்று நினைத்துக்கொண்டிருக்கும் பெற்றோர்கள் நிறைய, அட்மிஷன் அன்றைக்கே அந்த ஃபாரத்தையும் கேட்டு வாங்கச் சொல்லியிருக்கிறேன். மாமா இன்னும் பதில் சொல்லவில்லை, மெஸ்ஸில் வாரத்துக்கு எத்தனை நாள் சிக்கன் என்று மட்டும் விசாரிக்கச் சொன்னார்.